தூணடியில் ஒரு விரல் பசை

எங்கள் பல்கலைக்கழகத் துறைக்குப் புதிதாக ஒரு மெசின் வந்திருக்கிறதாம். பிளாஸ்டிக் இழையை உருக்கி ஊற்றி, அதிர்வு ஆய்வுக்கு வேண்டிய தகட்டையும் அதன் மேல் நிற்கும் தூண்களையும் ஒரே துண்டாக வார்த்துத் தருமாம். ஒட்டுகிற வேலையே இல்லையாம். என் கதிரையில் இப்போது இருக்கும் தொழினுட்ப உத்தியோகத்தர் சப்ரி போனில் சொன்னார். சொன்னதோடு விட்டாரா? "பாவாக் காக்கா, அந்தக் காலத்தில நீங்க கையால ஒட்டின கதைய ஒருக்கா எழுதித் தாங்களன். இஞ்ச படிக்கிற புள்ளையளுக்குக் காட்டுவம்" என்றார்.

அந்தக் காலமாம்! நான் ஓய்வு பெற்று இன்னும் இரண்டு வருசம் ஆகவில்லை. "நான் உசிரோடதான் இரிக்கன் தம்பி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால், எழுதத்தான் வேண்டும். நான் கையால் ஒட்டியதில் ஒன்று பிழையாய்ப் போனது. அதைப் பற்றி அங்கே ஆளுக்கொரு விதமாகக் கதைக்கிறார்கள் என்று கேள்வி. நடந்ததை நடந்த மாதிரி நானே எழுதிவிடுவது நல்லது.

பெயர் ஆதம்பாவா; இளையவர்களுக்குப் பாவாக் காக்கா, அதாவது பாவா அண்ணன். ஊர் கல்முனைக்குடி. படிப்பு பள்ளிக்கூடத்துச் சாதாரண தரச் சோதனையோடு சரி. வாப்பாவின் தம்பியான சாச்சாவின் பட்டறையில் ஆறு வருசம் பைபர் படகு கட்டினேன். பிறகு பல்கலைக்கழகத்தில் சிற்றூழியனாகச் சேர்ந்து, ஆய்வுகூட உதவியாளராகி, சோதனை எழுதித் தொழினுட்ப உத்தியோகத்தராகி, பௌதிகவியல் ஆய்வுகூடத்தின் சாவிக்கொத்தை இருபத்தாறு வருசம் இடுப்பில் கொண்டு திரிந்தேன். பழகியது, உயர்ந்தது எல்லாம் இவ்வளவுதான். இதை நீட்டினால் எனக்கே கொட்டாவி வரும்.

நீட்டிச் சொல்ல வேண்டியது நடேசன் சேரைப் பற்றி. காரைதீவுக்காரர், வயல்காரக் குடும்பம், எங்கள் துறையின் பேராசிரியர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அது பெரிய கொடுமை. ஏசுகிற மனிசனைத் திருப்பி மனதுக்குள்ளாவது ஏசலாம். ஏசாத மனிசனை என்ன செய்வது? எந்த அளவீட்டைக் கொண்டுபோனாலும், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்: "கண்டதா, நினைச்சதா?" நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் அறையின் வெப்பநிலை என்னவென்று கேட்டார். "முப்பது சேர்" என்றேன். "கண்டதா, நினைச்சதா?" நினைத்ததுதான். போய் வெப்பமானியைப் பார்த்தால் முப்பத்துமூன்று. வந்து சொன்னேன். அதைக் குறித்துக்கொண்டார். எனக்குக் காது இரண்டும் சுட்டது.

அவருடைய இன்னொரு சட்டம் குறிப்புக் கொப்பி. ஆய்வுகூடத்தில் கை வைத்த ஒவ்வொரு வேலையும் அன்றைக்கே அதில் ஏற வேண்டும். பிழையாக எழுதினால் அழிக்கக் கூடாது. கீழே இருப்பது வாசிக்கிற மாதிரி ஒரு கோடு மட்டும் போட வேண்டும். "பிழையும் கிடக்கட்டும் பாவா, ஒரு நாளைக்குத் தேவைப்படும்" என்பார்.

எனக்குத் தலைக்கனம் ஏறிய கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சமயம், பின்னேரம் எடுக்கிற அதிர்வு அளவீடுகளில் எல்லாம் வரைபில் ஒரு மொட்டு முளைத்தது. காலையில் இல்லை, பின்னேரம் மட்டும். விரிவுரையாளர்கள் இரண்டு பேர் கருவியைக் கழற்றிப் பூட்டினார்கள். வெப்பம் என்றார் ஒருவர், மின்சாரம் என்றார் மற்றவர். மூன்றாம் நாள் நான் ஒன்றும் செய்யாமல் ஜன்னலடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். மொட்டு முளைக்கிற நேரம் பார்த்து, பின்வீதியால் பாண் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. அந்தப் பாட்டில் ஒரு இடம் வரும்போது எங்கள் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. அது நடுங்க மேசையும் நடுங்கியது. ஓடிப்போய்ச் சொன்னேன். சேரின் கண்ணாடி நெற்றிக்கு ஏற முன்னமே, "கண்டது சேர்! பணிசும் வாங்கிட்டு வந்திரிக்கன்" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு யாருக்கு எது சரிவராவிட்டாலும் "பாவாக் காக்காவக் கூப்பிடு" என்றானது. என் கை பட்டால் பிழை இருக்காது என்று எல்லாரும் நம்பினார்கள். மற்றவர்களை விடுங்கள், நானே நம்பினேன்.

ஓய்வுக்கு இரண்டரை வருசம் இருக்கும்போது பர்ஸானா வந்தாள். நிந்தவூர்ப் பெண், விஞ்ஞான ரீச்சர், இரண்டு பிள்ளைகளின் தாய். பள்ளிக்கூடத்தில் இரண்டு வருச லீவு எடுத்துக்கொண்டு, முதுமாணி ஆராய்ச்சிக்கு நடேசன் சேரிடம் பதிந்திருந்தாள். லீவு முடிகிற நாளுக்குள் முடித்தால் பட்டம். முடிக்காவிட்டால் வகுப்பறைக்குத் திரும்ப வேண்டும், அதோடு சரி. வேலையையும் வீட்டையும் பிள்ளைகளையும் விட்டு இன்னொரு தடவை வர யார் விடுவார்கள்? இதை முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டாள்.

அவளுடைய ஆராய்ச்சிக்குப் பெயர் போனோனிக் பளிங்கு. பெயரைக் கேட்டு ஏதோ கண்ணாடிச் சாமான் என்றுதான் நானும் நினைத்தேன். படத்தைக் காட்டினாள். ஒரு மெல்லிய அலுமினியத் தகடு, அதன் மேல் வரிசை வரிசையாகச் சின்னத் தூண்கள்.

"இவ்வளவுதானா மகள்?" என்றேன்.

"இவ்வளவுதான் காக்கா. தகட்டுக்குள்ள ஒரு அதிர்வு ஓடி வருது எண்டு வைங்க. ஒவ்வொரு தூணுக்கும் ஆடுறதுக்கெண்டு சொந்தமா ஒரு வேகம் இரிக்கி. வாற அதிர்வும் அதே வேகத்தில வந்தா, தூணெல்லாம் சேர்ந்து அத வாங்கித் தாங்களே ஆடும். தகடு ஆடாது. அதிர்வு அங்கால போகாது."

"மத்த வேகத்தில வந்தா?"

"அது அது பாட்டுக்குப் போகும். தூண்ட உயரம், பருமன், இடைவெளி, இதுகள மாத்தினா எத மறிக்கிற, எத விடுற எண்டு நாமளே தீர்மானிக்கலாம்."

அவள் வீட்டுக்குப் பின்னால் அரிசி மில். மில் ஓடத் தொடங்கினால் அலுமாரிக்குள் கோப்பையெல்லாம் கதைக்கும் என்பாள். அதனால்தான் இந்தப் பைத்தியம் பிடித்ததாம். "அப்ப இந்தத் தகட்டக் கொண்டு போய் மில்லடியில வைக்கப் போறியா?" என்று சீண்டினேன். "மில்லுக்கு எண்டா தூண் ஒவ்வொண்டும் தென்னமரம் அளவு வேணும் காக்கா. முதல்ல சின்னதில சரிவரட்டும்" என்று சிரித்தாள்.

பன்னிரண்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு. ஆக நூற்றிநாற்பத்துநான்கு தூண். ஒவ்வொன்றும் ஒரு சென்றிமீற்றர் உயரம். அலுமினியக் கம்பியைக் கடைசல் இயந்திரத்தில் நானே வெட்டினேன். கண்ணாடி மேல் அரத்தாளை விரித்து, அடியும் முடியும் தேய்த்து மட்டம் பார்த்தேன். அளந்து, நிறுத்து, ஒத்துவராததைக் கழித்துவிட்டேன். எண்ணெய்ப் பிசுக்குப் போக அசற்றோனால் துடைத்த பிறகு வெறும் விரல் படக் கூடாது. இடுக்கியால்தான் தூக்க வேண்டும். இடைவெளி பிசகாமல் இருக்கத் துளை போட்ட சட்டம் ஒன்றைத் தகட்டின் மேல் வைத்து, ஒவ்வொரு துளைக்குள்ளும் ஊசி முனையால் ஒரு பொட்டுப் பசை, அதன் மேல் ஒரு தூண். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு சட்டத்தை மேலே தூக்கினேன். ஒன்றும் சாயவில்லை.

அந்த இடத்தில் என் கை என்னைக் கேட்காமல் ஒரு வேலை செய்தது. படகின் உள்ளே குறுக்குச் சட்டம் அடியோடு சேருகிற மூலையில், பசையைக் கொஞ்சம் கூடவே வைத்து விரலால் வளைத்து வழித்துவிடுவோம். பட்டறையில் அதற்கு 'ஓரம் போடுறது' என்று பெயர். ஓரம் போடாத மூலை கடலில் விட்டுக்கொடுத்துவிடும். அந்தப் பழக்கத்தில், கையுறை போட்ட சின்ன விரலால், ஒவ்வொரு தூணின் அடியையும் சுற்றி ஒரு மெல்லிய ஓரம் போட்டேன். அந்தப் பிள்ளையின் பட்டம் இதில்தானே நிற்கிறது, ஒரு தூணும் விழுந்துவிடக் கூடாது என்று துஆக் கேட்டுக்கொண்டே போட்டேன். கொப்பியில் '144 தூண்கள் ஒட்டப்பட்டன' என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். ஓரத்தைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. மூச்சு விட்டதை யாராவது எழுதுவார்களா? அப்படித்தான் எனக்கு அது.

அளவீட்டு நாள் வந்தது. தகட்டை நூலில் தொங்கவிட்டு, ஒரு முனையில் அதிர்வு கொடுக்கிற கருவியையும் மறு முனையில் உணரியையும் பொருத்தினோம். அதிர்வின் வேகத்தை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டு போக, மறுபக்கம் எவ்வளவு வந்து சேருகிறது என்று கணினி கோடு போடும். பர்ஸானாவின் கணக்குப்படி ஒரு இடத்தில் அந்தக் கோடு கிணற்றில் விழுந்த மாதிரி விழ வேண்டும். அந்த இடத்தில் கோடு சும்மா நடந்து போனது. அதைத் தாண்டி மேலே இரண்டு மூன்று சின்னப் பள்ளம் மட்டும் வந்தது. திரும்ப எடுத்தோம். அதே கோடுதான்.

நடேசன் சேர் கொப்பியை நிதானமாக வாசித்தார். ஒட்டின பக்கம் வந்தது. என் கையொப்பத்தைக் கண்டார், அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "தகட்டில பிழை இருக்காது. கணக்கத் திருப்பி ஒருக்காப் பாருங்க பிள்ள" என்றார்.

அவள் பார்த்தாள். இரண்டு மாதம் பார்த்தாள். காலை பஸ்ஸில் வந்து கணினிக்கு முன்னால் குந்தினால் பின்னேரம்தான் எழும்புவாள். ஒரு நாள் ஒரு பிழையைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சந்தோசப்படுவாள். மறுநாள் அது பிழையே இல்லை என்று தலையைப் பிடித்துக்கொள்வாள். மெலிந்து போனாள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, "யோசிக்காத புள்ள, எங்கயாவது ஒரு சின்னப் புள்ளி மாறியிரிக்கும், அகப்படும்" என்று ஆறுதல் சொன்னேன். அவளுடைய கணக்குக்காக நான் கவலைப்பட்டேன்! அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கடற்கரைப் பக்கம் போனேன். என் மனைவியின் தம்பி ஹனீபாதான் இப்போது சாச்சாவின் அந்தப் படகுப் பட்டறையை நடத்துகிறான். புதுப் படகு ஒன்றின் உள்ளே குறுக்குச் சட்டங்கள் வைத்திருந்தான். பாதிக்கு ஓரம் போட்டாயிற்று, மற்றப் பாதிக்கு இன்னும் இல்லை. ஊர்க்கதை கதைத்துக்கொண்டே விரல் முட்டியால் ஒவ்வொரு சட்டமாகத் தட்டிக்கொண்டு போனேன். ஓரம் இல்லாதது 'தொம்' என்றது. ஓரம் போட்டது 'டங்' என்றது. நின்றேன். திரும்ப முதலில் இருந்து தட்டினேன். ஓரம் போட்டவற்றிலும் ஒன்றைப் போல ஒன்று இல்லை.

"என்ன மச்சான், ஆரையும் தேடுறீங்களா உள்ளுக்க?" என்றான் ஹனீபா.

"ஓரம் போட்டா ஏன்டா சத்தம் மாறுது?"

"மாறாம? அடி இறுகினா சட்டம் விறைச்சு நிக்குந்தானே. இதென்ன புதுசாக் கேக்கிறீங்க?"

தகடு நினைவுக்கு வந்தது. எல்லாத் தூணும் ஒரே வேகத்தில் ஆடினால்தான் அதிர்வை மறிக்கலாம் என்று அவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! நான் நூற்றிநாற்பத்துநான்கு தூணின் அடியையும், ஒன்றுக்குக் கூட, ஒன்றுக்குக் குறைய, இறுக்கி வைத்திருக்கிறேன். அவள் கணக்குச் செய்த தூண் வேறு, நான் ஒட்டிய தூண் வேறு. யா அல்லாஹ், அந்தப் பிள்ளை இல்லாத பிழையை அல்லவா இரண்டு மாதமாகத் தேடுகிறாள்!

உடனே போன் எடுத்துச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. ஓய்வுக்கு ஐந்து மாதம் இருந்தது. இருபத்தாறு வருசப் பெயர், போகிற நேரத்தில் ஒரு விரல் பசையால் போக வேண்டுமா? பசையைச் சத்தமில்லாமல் சுரண்டிவிட்டு, 'இன்னொருக்கா அளந்து பாப்பமா' என்று கேட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்றுகூட யோசித்தேன். வெட்கங்கெட்ட யோசனை. சனி, ஞாயிறு, திங்கள் என்று அதை வைத்துக்கொண்டே இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பர்ஸானா கையில் ஒரு கடித உறையோடு வந்து நின்றாள். "சேர் வந்திட்டாரா காக்கா? பதிவ விடுறன் எண்டு கடிதம் குடுக்கணும். நான் ஸ்கூலுக்கே போறன். என்ட மூளைக்கு இது ஏறல்ல" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அந்தக் கடிதத்தக் குடுக்காத. என்னோட வா" என்றேன்.

சேரின் அறைக்குள் போய்க் கதிரையில்கூட உட்காராமல் சொன்னேன். "சேர், இந்தப் புள்ளட கணக்குச் சரி. தகடுதான் பிழை. நான் ஒட்டினதுதான் பிழை." ஓரம் போட்டதையும் படகில் தட்டிப் பார்த்ததையும் சொன்னேன். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.

"கண்டதா, நினைச்சதா?"

"படகில கண்டது சேர். தகட்டில இன்னும் நினைச்சதுதான்."

"அப்ப வாங்க, காணுவம்."

ஒரு துண்டுத் தகட்டில் இரண்டு தூண் ஒட்டினோம். ஒன்றுக்கு ஓரம் போட்டேன், மற்றதுக்கு இல்லை. பசை காய விட்டு, அடுத்த நாள் தட்டி அளந்தோம். ஓரம் இல்லாத தூண் பர்ஸானா கணக்கில் சொன்ன இடத்திலேயே ஆடியது. ஓரம் போட்டது அதற்கு எவ்வளவோ மேலே போய் ஆடியது. சேர் பழைய கொப்பியின் அந்தப் பக்கத்தை விரித்துப் பேனையை என்னிடம் நீட்டினார். 'தூணடிகளில் பசையால் ஓரம் போடப்பட்டது. எழுதப்படவில்லை' என்று எழுதினேன். பேனையை வைக்க மனம் வரவில்லை. 'வெள்ளி கண்டேன், செவ்வாய் சொன்னேன்' என்றும் எழுதினேன். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. பர்ஸானா என் தோளுக்கு மேலால் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"நாலு நாளாத் தெரியுமா உங்களுக்கு?" என்றாள்.

"ஓம் மகள்."

"ரெண்டு மாசம் நான் என்ட மூளையப் பழி சொன்னன் காக்கா. புள்ளையளுக்கு ஏசினன். வீட்டில அவருக்கிட்ட, எனக்குப் படிப்பு வராது எண்டு சொல்லி அழுதன். நீங்க எனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்தீங்க."

அவள் கடித உறையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போனாள். சேர் கொப்பியைத் தன் பக்கம் இழுத்தார். "உங்கட கையொப்பத்தக் கண்டிட்டு நானும் பக்கத்தத் திருப்பினன் பாவா. தகட்டில பிழை இல்ல எண்டு நினைச்சன். காணல்ல" என்று சொல்லி, என் எழுத்துக்குக் கீழே அதையும் எழுதினார்.

லீவு முடிய மூன்று கிழமை இருந்தது. புதுத் தகடு, புதுத் தூண்கள், எல்லாம் முதலில் இருந்து. சும்மா இருக்கச் சொன்னால் கேட்காத அந்தச் சின்ன விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்து பிளாஸ்டரால் கட்டிக்கொண்டு வேலை செய்தேன். சிரிக்காதீர்கள், உண்மை. பர்ஸானா ஒவ்வொரு நாளும் வந்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒவ்வொரு தூணடியாகப் பார்த்தாள். "இது சரி." "இது சாய்வு." அவ்வளவுதான் என்னோடு கதைத்தாள். முன்பு வந்தவுடன் ஸலாம் சொல்லி, என் மனைவியின் சுகத்தைக் கேட்டுவிட்டுத்தான் பையையே வைப்பாள். இப்போது ஸலாம் மட்டும் வந்தது. எனக்கு அது நன்றாக வலித்தது. கேட்டு வாங்கியதுதானே, யாரை நோவது?

அளந்த அன்று கோடு கணக்குச் சொன்ன இடத்தில் விழுந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள், திரையைப் பார்த்தபடி. லீவு முடிய இரண்டு நாள் இருக்க ஆய்வேட்டைக் கொடுத்தாள். பட்டமும் கிடைத்தது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் அதையே யோசித்துக்கொண்டு இருப்பீர்கள். எனக்குச் சொல்ல வேண்டியது வாய்மொழிப் பரீட்சை நடந்த அன்றைய சங்கதி.

கண்டிப் பக்கமிருந்து ஒரு சிங்களப் பேராசிரியர் பரீட்சகராக வந்திருந்தார். நான் கடைசி வரிசையில், சுவிச்சடியில் இருந்தேன். பர்ஸானா இங்கிலிசில் தடுமாறாமல் கதைத்தாள். பழைய தகட்டின் கோட்டையும் மறைக்காமல் திரையில் போட்டாள். பரீட்சகர் உடனே அதைப் பிடித்தார். முதல் தகட்டில் என்ன நடந்தது என்று கேட்டார்.

'நாங்கள் ஒரு பிழை விட்டோம்' என்றாள் பர்ஸானா. அந்தளவு இங்கிலிசு எனக்கு விளங்கும்.

நாங்களாம்! என்னால் பொறுக்க முடியவில்லை. அவள் பட்டத்துக்கு வந்து நிற்கிற மேடையில், என் பிழையில் ஒரு பங்கை அவள் ஏன் சுமக்க வேண்டும்? எழும்பிவிட்டேன். வாயில் தமிழ்தான் வந்தது.

"நாங்க இல்ல சேர். நான். நான்தான் விட்ட."

பரீட்சகர் ஒன்றும் விளங்காமல் நடேசன் சேரைப் பார்த்தார். சேர் மொழிபெயர்க்க வாயெடுத்தார். அதற்குள் பர்ஸானா கையைக் காட்டி அவரை மறித்தாள். எத்தனையோ கிழமைக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இரிங்க காக்கா" என்றாள், தமிழில், எல்லாருக்கும் கேட்க. "ஓரம் போட்டது நீங்கதான். ரெண்டு மாசம் அந்தத் தகட்ட நாள் தவறாமக் கையில தூக்கினது நான். தூணடிய ஒருக்காவது குனிஞ்சு பாத்தனா? சேரும் பாக்கல்ல. நான் யோசிச்சித்தான் நாங்க எண்டு சொன்னன். இரிங்க."

நான் உட்கார்ந்தேன். அவள் பரீட்சகரின் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து இங்கிலிசில் தொடர்ந்தாள். திரையில் அடுத்த படம் வந்தது. அது என்ன படம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சட்டை முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.